பாலம் பார்க்க வந்த சம்பந்திகள்

மோகனூர் சின்னண்ணனுக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பதினொரு வயதில் அடுத்தவன் மாட்டுவண்டியில் கல் ஏற்றப் போனவர், காவிரியில் பாலம் எழும்பியபோது ஆறு வண்டிகளுக்குச் சொந்தக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் லாரியே வாங்கிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, ஒருத்தன் கையையும் பிடிக்காமல் அந்த வட்டாரத்தில் அப்படி மேலே வந்தவன் வேறு எவன்?

அப்படிப்பட்ட மனுசன், மகள் பொன்னாத்தாளுக்காக ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். நாமகிரிப்பேட்டையில் தோட்டம் துரவோடு வாழும் காளியப்பன், தன் மகனுக்கு அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பிறகு காளியப்பன் வீட்டு ஆள் வந்து சொன்னான்: "நாமக்கல்லுக்குச் சாமி கும்பிட வாராங்க. உங்க லாரியில அப்படியே பாலத்தையும் காட்டச் சொன்னாங்க."

முடிவு சொல்லத்தான் வருகிறார்கள் என்று சின்னண்ணனுக்குத் தோன்றியது. மனைவி ஆத்தாயி விடியும் முன்பே எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டினாள். லாரியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்து, நாமக்கல்லில் அவர்கள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள்.

பாலத்தில் இறங்கியதும் சின்னண்ணன் கைப்பிடிச் சுவரைத் தட்டிக் காட்டினார். "ஆறாவது தூணுக்குள்ள கெடக்கற கல்லு பூராவும் நம்ம வண்டியில வந்ததுங்க."

"உள்ள பூந்து பாத்தீங்களாக்கும்?" என்றார் காளியப்பன். பெண்கள் சிரித்தார்கள்.

சின்னண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆற்றங்கரை நிழலில் ஆத்தாயி இலை போட்டாள். காளியப்பன் உட்காரவே இல்லை.

"அது இப்ப வேண்டாமுங்க. கை நனைக்கறதைப் பொறவு பாத்துக்கலாம்."

"இது ஊடு இல்லீங்களே, ஆத்தங்கரைதானுங்க."

"எடம் ஆத்தங்கரைங்க. சோறு உங்க ஊட்டுது."

கட்டியது அப்படியே லாரியில் ஏறியது. வழக்கம் வழக்கந்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாமக்கல் வந்ததும் அந்த ஏழு பேரும் கடைவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். சின்னண்ணனை ஒருவர்கூட 'வாங்க' என்று கூப்பிடவில்லை. அவர் வெயிலில் லாரியோடு நின்றார். வயிறும் எரிந்தது, மனமும் எரிந்தது. ஆத்தாயி அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சாமி கும்பிட்டுவிட்டு மலைக்கோட்டைக்கு ஏறினார்கள். உச்சியில் மூச்சு வாங்க நின்ற காளியப்பனிடம் சின்னண்ணன் நேராகவே கேட்டார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்ணு விசயம் என்னாச்சு?"

"அதுக்கென்னங்க அவசரம்? இன்னும் ரெண்டு எடம் பாக்கோணும்."

"அப்பறம் எதுக்குங்க எங்களை வரச் சொன்னீங்க?"

"உங்ககிட்ட லாரி இருக்குதுன்னாங்க. பஸ்ஸுன்னா பொம்பளைங்க நின்னுக்கிட்டே வரோணும் பாருங்க."

கோட்டைச் சுவரில் இருந்த குருவிகள் பறக்கும்படி கத்தினார் சின்னண்ணன். "அப்ப நான் உனக்கு வண்டிக்காரனா? ஒரு மாசமா எம் பொண்ணை வாசல்ல நிறுத்திப்போட்டு, ஊர் சுத்தறதுக்கு எம் பொழப்பைக் கேட்டியா? நீ பாக்கற ரெண்டு எடத்துலயும் லாரி இருக்குதான்னு கேட்டுக்க!"

"பொண்ணைப் பெத்தவன் பேசற பேச்சா இது?" என்றார் காளியப்பன்.

"பெத்ததுனாலதான்யா பேசறேன்."

படிகளில் தடதடவென்று இறங்கினார். பின்னால் ஓடி வந்த காளியப்பனின் மனைவியிடம் மட்டும் குரலைத் தணித்து, "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கமுங்க அம்மணி" என்றார். ஆத்தாயியை ஏற்றிக்கொண்டு லாரியைக் கிளப்பிவிட்டார்.

வாசலில் பொன்னாத்தாள் நின்றிருந்தாள். "அவங்க வேண்டாம்னுட்டாங்களாப்பா?"

"அவனென்ன சொல்றது? நான் வேண்டாம்னுட்டு வந்துட்டேன்!"

பொன்னாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

சின்னண்ணனுக்கு அதற்கும் கோபந்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.