இறால் வண்டி சோழவரம் போன நாள்

எங்கள் மோட்டார் சைக்கிளை இறால் வாசனை இல்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அன்றும் வாசனை முழுசாகப் போய்விடவில்லை என்பதைச் சோழவரத்துக் காகங்கள் கண்டுபிடித்துவிட்டன.

அம்மாவின் தம்பியான என் மாமா அந்த வண்டியில்தான் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஸ்டேஷனுக்குத் தினமும் விடியற்காலையில் இறால் கொண்டுபோவார். பின்பக்கம் இரும்புப் பட்டையால் ஒரு கேரியர். இரண்டு பக்கமும் ஐஸ் போட்ட கூடைகள். நடுவில், மடித்த சாக்கின் மேல், நான். கூடைகள் ரயிலேறியதும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். மற்றப் பிள்ளைகள் பவுடர் பூசிக்கொண்டு வந்தபோது நான் கால்சட்டையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு முழுவதும் எனக்கே கிடைத்தது.

அப்பா இறந்த வருடம் மாமா எங்களோடு வந்து தங்கினார். அவருக்குப் பெண் பார்க்கும் பேச்சை யாராவது எடுத்தால், "பையன் படிச்சு முடிக்கட்டும்" என்பார். நான் அடுத்த வாரமே படித்து முடித்துவிடுவேன் என்பது போல அம்மாவும் தலையாட்டுவாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் நடக்கும் ரேஸில், தெருவில் ஓடுகிற வண்டிகளுக்கும் தனியாக ஒரு போட்டி உண்டு என்ற செய்தியை ஆரணி மெக்கானிக்தான் கொண்டுவந்தார். அவர் மாமாவின் கூட்டாளி. ஸ்பேனரால் முதுகு சொறிந்துகொள்பவர். மாமா சோறு சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ரேஸாம் ரேஸு! கூடைய கயட்டிப் போட்டுட்டு இன்னாத்த தூக்கினு போவப் போற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுத்தையும் தூக்கினு போவமாட்டேன்க்கா. அதான் ரேஸு."

அம்மா குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆரணியில் மெக்கானிக்கின் கொட்டகையில் கழிந்தன. முதலில் கேரியர் இறங்கியது; திங்கட்கிழமை கூடைகளுக்காக அது மட்டும் திரும்ப ஏறும். பிறகு மட்கார்டு, ஹாரன், ஸ்டாண்டு. ஹாண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். மாமா படுத்த மாதிரி குனிந்து பிடித்துப் பார்த்தார். பாரம் இழுப்பதற்காக மாட்டியிருந்த பெரிய பின் பல்சக்கரத்தைக் கழற்றி, வேகத்துக்காகச் சின்னதாக ஒன்று மாட்டினார்கள். பெட்ரோலில் கலக்க எங்கள் வீட்டு விளக்கெண்ணெய் போனது. மாதம் ஒரு முறை அதைக் குடித்துவந்த எனக்கு ரேஸ் என்பது மிக நல்ல விஷயமாகத் தோன்றியது. வண்டியைப் புளியும் சாம்பலும் போட்டு மாமா மூன்று தரம் தேய்த்தார். தகரத் தட்டில் எண் எழுதும் வேலை எனக்கு. பெயிண்ட் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எழுதியதை நானே பலமுறை படித்தேன்.

ஸ்பிரிங்கில்தான் பேஜாரு வந்தது. இரண்டு கூடைகளையும் என்னையும் சுமப்பதற்காகப் போட்ட தடித்த ஸ்பிரிங்குகள் அவை. ஆளும் கூடையும் இல்லாமல் வேகமெடுத்தால் பின்சக்கரம் கன்றுக்குட்டி போலக் குதித்தது.

"மெத்துனு வேற ஒண்ணு போட்டுடலாம் மச்சான்" என்றார் மெக்கானிக்.

"போட்டா, திங்கக்கெயம கூடைய யாரு தூக்குவா? ஒங்கப்பனா?"

"எங்கப்பன் செத்துட்டான். இவன ஏத்திப் பாரு." என்னைக் காட்டினார்.

அந்த வாரம் முழுவதும் ரயில் போன பிறகு, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன், பழவேற்காட்டு ரோட்டில் மாமா என்னைப் பின்னால் வைத்து ஓட்டினார். ஏரிமேல் பனி இன்னும் விலகியிருக்காது. சத்தத்துக்குப் பூநாரைகள் கூட்டமாக எழும்பும்; அவை மேலே போகின்றனவா, நாங்கள் கீழே போகிறோமா என்று தெரியாது. மாமாவின் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினால் ரோடு இல்லாமல் போய்விடும். வண்டி அசையாமல் நிற்பதுபோலவும், பனைமரங்கள் எங்கோ அவசர வேலையாகப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பதுபோலவும் இருக்கும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் திறக்கும்போது பள்ளிக்கூட வாசல் வந்திருக்கும்.

"பாத்தியா? இவன் குந்துனாத்தான் வண்டி அடங்குது" என்றார் ஒரு நாள் காலையில் பார்க்க வந்திருந்த மெக்கானிக்.

அதற்கு மேல் எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேஸில் நானும் போகிறேன் என்று வகுப்பில் அறிவித்தேன். அன்று மத்தியானம் முதல் பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். மறுநாள் இரண்டு பேர். ரேஸ் நாளன்று அப்பாவின் மப்ளரைத் தலைக்கவசம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மா எழுப்பும் முன்பே வண்டியருகே நின்றேன். மாமா அதைப் பார்த்தார். குனிந்து கிக்கரை உதைத்தார்.

சோழவரத்தில் அவ்வளவு ஜனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையாக நின்ற பளபளப்பான வண்டிகளில் எங்கள் வண்டியின் மேல் மட்டும் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்து, போகமாட்டேன் என்றன. வண்டிகளைச் சோதித்த தொப்பிக்காரர் குனிந்து எஞ்சினின் அடி நட்டைப் பார்த்தார். அது கழன்று விழாதபடி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மாமா அதை வலை பின்னும் நைலான் நூலால் கட்டியிருந்தார். தொப்பிக்காரர் இழுத்துப் பார்த்தார், முடிச்சு அசையவில்லை.

"இது கம்பியா இருக்கணும்ப்பா. சூட்டுல உருகிடும்."

"ஏரில சுறாவே அத்துக்கினு போவாது சார்."

"சுறா சூடா இருக்காதே" என்றார் அவர். மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு துண்டுக் கம்பி கொண்டுவந்து கட்டினார்.

வண்டிகளைக் கோட்டுக்கு வரச் சொன்னார்கள். நான் மப்ளரை இன்னொரு முறை இறுக்கினேன். மெக்கானிக் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்பக் குதிக்கும் மச்சான். ஒரு மணல் மூட்டையாச்சும் கட்டிக்க" என்றார்.

"வேணாம்பா. பின்னால எதுவும் வேணாம். இன்னிக்கி ஒரு நாளாச்சும்."

"நானு?" என்றேன்.

மாமா என் தலையிலிருந்த மப்ளரின் முடிச்சைத் தொட்டார். அவிழ்க்கவில்லை. "நீ இங்கியே நில்லு கண்ணு" என்றார். அதற்கு முன் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கொடி இறங்கியது. மெக்கானிக் சொன்னது போலவே வண்டி குதித்தது. தளத்தின் ஒவ்வொரு விரிசலிலும் பின்சக்கரம் எழும்பி விழுந்தது. ஒவ்வொரு தரமும் யாராவது ஒருவர் மாமாவைத் தாண்டிப் போனார். நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நாளை முதல் பெஞ்சில் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். கடைசிக்கு முந்தினவராக மாமா வந்து முடித்தார்.

ஆனால் நிற்கவில்லை. மற்ற வண்டிகளெல்லாம் ஓரம் கட்ட, அவர் மட்டும் இன்னொரு சுற்றுப் போனார். தொப்பிக்காரர் விசில் ஊதினார். ஒருவர் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடினார். அவ்வளவு பெரிய தளத்தில் வேறு யாரும் இல்லை. தூரத்தில் வெயில் நீராக மிதந்தது. அதற்குள் மாமாவும் வண்டியும் தரையில் படாமல் போவதுபோலத் தெரிந்தது. சத்தம் தேய்ந்து, நின்றேபோய், பிறகு மறுபக்கத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்தது. விளக்கெண்ணெய்ப் புகை எங்கள்மேல் வந்து படிந்தது. கிட்டே வந்தபோது பார்த்தேன்: மாமா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை சுற்று என்று எண்ணத் தெரியாமல் சுற்றுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கூட்டலும் பெருக்கலும் தெரியும். பின்னால் நான் இருந்திருந்தால் எண்ணிச் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். நான் உட்கார்ந்ததும் வண்டி அடங்கி, குதிக்காமல் போயிற்று. அது எனக்குப் பெரிய சாட்சியாக இருந்தது. காரனோடைப் பாலத்தின் மேல் போகும்போது கேட்டேன்: "நான் வந்திருந்தா ஜெயிச்சிருப்பதானே மாமா?"

காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பாலம் முடிந்தது, ஜனப்பஞ்சத்திரம் வந்து போனது, பஞ்செட்டியும் போனது. நான் முகத்தை அவர் முதுகில் வைத்திருந்தேன். முதுகு ஒரு தரம் பெரிதாக விரிந்து அடங்கியதும் தெரிந்தது. தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரிக்குத் திரும்பும்போதுதான் சொன்னார்.

"ஆமாண்டா. நீ இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. அவரை அப்போதே மன்னித்துவிட்டு, இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனேன். ஒரு ஆமாவைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு அவ்வளவு தூரம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.