ஆன்ட்டி கையெழுத்துப் போடாத கார்

நாங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். விற்றவர் ஜங்புராவில் தனியாக வசித்த பஞ்சாபி ஆன்ட்டி. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "கேரண்டி ஏதாவது உண்டா?" என்று அம்மா தன் தஞ்சாவூர் ஹிந்தியில் கேட்டபோது, "அவர் தினம் துடைத்து வைத்திருந்த வண்டி. வேறென்ன கேரண்டி வேண்டும்?" என்றார்.

பணம் கைமாறியது, சாவியும் வந்தது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இறந்தவர் பெயரே இருந்தது. வாரிசு என்ற முறையில் ஆன்ட்டி கையெழுத்துப் போட்டால்தான் அது அப்பா பெயருக்கு மாறும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேப்பர்களோடு போவோம். ஆன்ட்டி டீயும், நம் தட்டை மாதிரி ஓமம் போட்டுப் பொரித்த மட்ரியும் தருவார். பிறகு, "பாயி சாப், இண்டியா கேட் வரை ஒரு ரவுண்டு போகலாமா?" என்பார். வழியில் அப்பா கியர் மாற்றத் தடுமாறினால், "ஆராம் ஸே, மெதுவாக. இந்தத் திருப்பத்தில் அவர் இரண்டாவதுதான் போடுவார்" என்பார். வீடு திரும்பியதும், "இன்று தலைவலி. அடுத்த வாரம் போடுகிறேனே."

"ஏமாத்தறா. நாளைக்கு எங்கயாவது இடிச்சா யாரு ஜவாப்? வண்டியே உங்களுது இல்லேன்னுடுவா" என்று அம்மா புலம்புவாள். எனக்கோ அந்தக் கையெழுத்து விழவே கூடாதென்று ஆசை. விழுந்துவிட்டால் மட்ரி ஏது?

ஒருநாள் இண்டியா கேட் அருகே போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வண்டி யாருடையது என்று கேட்டார்.

"என்னுடையது" என்றார் அப்பா.

"என் கணவருடையது" என்றார் ஆன்ட்டி, அதே நொடியில், முன் சீட்டிலிருந்து.

போலீஸ்காரர் ஆர்.சி.யைப் புரட்டினார். "இந்தப் பெயர்க்காரர் எங்கே?"

அப்பா ஆன்ட்டி பக்கம் திரும்பினார். ஆன்ட்டி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் இல்லை" என்றார் கடைசியில். "போய்விட்டார். வண்டி இந்த பாயி சாபுடையது."

ஜல்தி பெயரை மாற்றுங்கள் என்று அதட்டிவிட்டுப் போலீஸ்காரர் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். அப்பாதான் தவித்துப்போய், "அடுத்த ஞாயிறும் வருகிறோம், ரவுண்டு போகலாம்" என்றார். "வேண்டாம் பாயி சாப்" என்று சொல்லி ஆன்ட்டி கதவருகிலேயே நின்றுவிட்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் காரில் ஏறவே இல்லை. இவ்வளவு பெரியவர்கள்கூடப் போலீஸ்காரருக்கு இப்படிப் பயப்படுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடமும் அப்படியே சொல்லிச் சிரித்தேன்.