வாய்ப்புண்ணுக்குத் தடவிய மருந்து

வாய்ப்புண் என்று சொன்னால் எவனும் பரிதாபப்பட மாட்டான். கை ஒடிந்தால் உட்கார இடம் கொடுப்பார்கள். காய்ச்சல் என்றால் தள்ளி நின்றாவது விசாரிப்பார்கள். வாய்ப்புண் என்றால் சிரிப்புதான். மணத்தக்காளிக் கீரை தின்னு, உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு, நம் முகத்துக்கு நேராகவே மிளகாய் பஜ்ஜியைக் கடிப்பார்கள். எங்கள் கேன்டீனில் என் எதிரில் உட்காருகிற தடியன் ஒருவன், எனக்குக் காரம் ஆகாது என்று தெரிந்ததிலிருந்து ஊறுகாய் வாங்காமல் சாப்பிட்டதே இல்லை.

எனக்கு வந்தது வெறும் புண்கூட இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து, அதன் முனை நாக்கின் ஓரத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. பேசினால் அறுக்கும், எச்சில் விழுங்கினால் அறுக்கும். ஓசூரில் பல் டாக்டருக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. ஆனால் போனால் அன்றைய வேலை போச்சு. எனக்கோ அந்தச் சமயம் லீவு என்ற வார்த்தையையே வாயில் எடுக்க முடியாது.

நான் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அப்போது கான்ட்ராக்ட் ஆள். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கடைசியாக இந்த முறை பெர்மனன்ட் ஆக்கப்போகிறவர்களில் நானும் இருப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். ஆர்டர் கைக்கு வரும்வரை லேட் கூடாது, லீவு கூடாது, எந்தப் புகாரும் கூடாது என்றும் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன், பெண் எடுத்தது இங்கே தொரப்பள்ளிக்குப் பக்கத்தில். என் மாமனார் கர்நாடகா பாக்கெட் சாராயத்தைக் குடித்துக் குடித்தே செத்தவர். அதனால் என் மாமியார் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, சொந்த வீடு உண்டா என்று கேட்கவில்லை. குடிப்பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நான் தங்கியிருந்த ரூமுக்குப் பக்கத்து ஆட்களை விசாரித்து, டீக்கடையில் விசாரித்து, அதற்குப் பிறகுதான் பெண் கொடுத்தார். படிப்பு பாதி, சொத்து இல்லை, கோபம் நிறைய என்றிருக்கிற எனக்குக் குடிக்க மாட்டான் என்கிற பேர் ஒன்றுதான் மரியாதை. அந்தப் பேரை வைத்துத்தான் அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சரி, வாய்க்கு வருகிறேன். நான் படுகிற பாட்டைப் பார்த்து என் மனைவிதான் மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தாள். புண்ணில் தடவினால் மரத்துப்போகும். பட்டாணி அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னாராம். முதல் தடவை தடவிய அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! வலி இருந்த இடமே இல்லை. அப்புறம் பட்டாணியாவது ஒன்றாவது, பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி பிதுக்க ஆரம்பித்தேன். நாக்கு மரத்தது, உதடு மரத்தது, கன்னம் மரத்தது. ஒருநாள் கேன்டீனில் காலை டிபன் சாம்பாரில் கிடந்த கத்தரிக்காய் என்று நினைத்து என் கன்னத்துச் சதையையே மென்றிருக்கிறேன். ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. எதிரில் இருந்த தடியன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

எங்கள் கேட்டில் ஒரு முறை உண்டு. பாக்கு, புகையிலை, மாத்திரை, தைலம் எதுவும் உள்ளே போகக் கூடாது. தடவிப் பார்த்துப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள். அதனால் அவனவன் கடைசி பீடியை, கடைசி பாக்கை, கடைசி போன் பேச்சைக் கேட்டுக்கு வெளியே நின்றே முடித்துக்கொண்டு போவான். நான் அதுவரை வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புவேன். சிப்காட் வந்து சேர்வதற்குள் பாதி சுகம் காற்றில் போய்விடும். பெர்மனன்ட் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருந்த அன்று, பெரிய புத்திசாலி மாதிரி ஒன்று செய்தேன். பைக் ஸ்டாண்டில் நின்று, கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், வாய் முழுக்க அப்பிக்கொண்டேன். உள்ளே போய் ஆபீசர் முன்னால் வலியில்லாமல் பேச வேண்டுமே.

வண்டி ஓட்டுகிறவர்கள், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற மெஷினில் தினமும் கேட்டில் ஊத வேண்டும். ஊதினேன். மெஷின் கத்தியது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மரத்த உதட்டில் குழாய் நிற்கவில்லை, எச்சில் தாடையில் வழிந்தது. மெஷின் மறுபடியும் கத்தியது. செக்யூரிட்டி பர்கூர்க்காரர், தினமும் வணக்கம் சொல்கிற ஆள்.

"இன்னாப்பா, காலங்காத்தாலயேவா?" என்றார்.

புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு ஈரத் துணி மாதிரி கிடந்தது. வாயிலிருந்து வந்ததெல்லாம் குடிகாரன் பேச்சுதான். அதே நேரம் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கின. அத்திப்பள்ளிச் சாராயக் கடையைச் சீக்கிரமே திறந்துவிட்டானா என்று ஒருவன் கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. கத்தினேன், கையை ஆட்டினேன், வாய்க்குள் விரலை விட்டுப் புண்ணைக் காட்டினேன். குழறிக்கொண்டு கத்துகிறவனைப் பார்த்து யார் வாய்ப்புண் என்று நினைப்பார்கள்? எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து ஷிப்ட் குரூப்பில் போட்டுவிட்டான்.

உள்ளே கூட்டிப்போனார்கள். ஆபீசர் சின்ன வயசு, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். என் பைக்கிலிருந்து டியூப்பை எடுத்து வரச் சொல்லி, பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தார். இதில் ஆல்கஹால் கலந்திருக்கிறது, அதுதான் மெஷினில் விழுந்திருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னார். மெஷின் கத்தவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க குடிக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா காலைல விழுந்த ரீடிங் மேலிடத்துக்குப் போயிடுச்சு. அதை நான் அழிக்க முடியாது."

இரண்டு வழி சொன்னார். குடிக்கவில்லை என்று நான் சாதித்தால் விசாரணை வைக்க வேண்டும். அது முடியும்வரை பெர்மனன்ட் கிடையாது, கேட்டுக்குள்ளும் வர முடியாது. முந்தின நாள் ஒரு விசேஷத்தில் குடித்துவிட்டேன், இனி நடக்காது என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் முதல் தப்பு என்று விட்டுவிடுவார்கள், ஆர்டரும் வந்துவிடும். இதுதான் சுலபம் என்று வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். உண்மையைத் தெரிந்துகொண்டே பொய்யை எழுதச் சொல்கிறவனை என்ன செய்வது? செருப்பால் அடிக்கத் தோன்றியது. நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் வீடியோ போயிருந்தது. என் மச்சினன் பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிறான், அவன் தன் அம்மாவுக்குக் காட்டிவிட்டான். மாமியார் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குடித்து முடித்த காபி டம்ளரை வாங்குகிற சாக்கில் என் முகத்துக்குக் கிட்டே குனிந்து மூச்சை இழுத்தார். பிறகு கிளம்பிப் போய்விட்டார். பெற்ற தாய் என்னைக் காறித் துப்பியிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெர்மனன்ட் போனால் வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் எங்கே போவது என்றாள்.

"எழுதிக் குடுத்துடுங்க. டியூப்பு வாங்கியாந்தவளே நான்தானே? எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. ஊர் என்ன நினைத்தால் என்ன, இவளுக்குத் தெரியுமே. மறுநாள் எழுதிக் கொடுத்தேன்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தவன் அதை ஷிப்ட் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று நான் மருந்து தடவவில்லை. எங்கே மறுபடி மெஷின் கத்துமோ என்ற பயம். பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் என்னை முன்னால் கூப்பிட்டார்கள். நான் குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன் என்று படித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பல் நாக்கை அறுத்தது. கண் கலங்கியதைப் பார்த்து, மனம் திருந்தி அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். படித்து முடித்ததும் கை தட்டினார்கள். மீட்டிங்கில் யார் எதைப் பேசி முடித்தாலும் கை தட்டுவதுதான் பழக்கம்.

ஆர்டர் வந்தது. முதல் வேலையாக அந்தப் பல்லைப் பிடுங்கிப் போட்டேன். புண் ஆறியது. கேன்டீனில் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள், அப்புறம் அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்தான். எல்லாம் முடிந்தது என்றே நானும் இருந்தேன்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். மச்சினன் நன்றாகக் குடித்துவிட்டு வந்து வாசலில் தள்ளாடினான். பிள்ளை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குடித்தவனுக்கு இந்த வீட்டில் இடமில்லை, தெளிந்த பிறகு வா என்று வாசலை மறித்து நின்றேன். அவன் அக்காவைக் கூப்பிட்டான். என் மனைவி கையில் கரண்டியோடு பின்னால் வந்து நின்றாள்.

"அவன் குடிச்சுட்டுத்தான் வந்துக்கிறான். நீங்க மட்டும் இன்னா? குடிச்சேன்னு அத்தன பேரு முன்னாடி படிச்சவருதானே. வழி வுடுங்க."

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பெரிய கோபம்கூட இல்லை. கையில் அகப்பட்டதை எடுத்து எறிகிற மாதிரி எறிந்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிஞ்சா போதாதா என்று கேட்டவளும் அவள்தான்.

நான் வழி விட்டேன். மச்சினன் உள்ளே வந்து என் தோளில் கை போட்டான்.

"வுடு மாமா. நம்ம கஷ்டம் இவங்களுக்கு எங்க புரியப்போவுது."

அவன் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாயில் படுக்க வைத்தேன்.