படகுத் துளையில் ஓர் எலுமிச்சம்பழம்

என் அத்தையின் கைராசியைக் கெடுத்தவன் நான். ஒன்பது வயதில் கெடுத்தேன். அதன்பிறகு அறுபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, உண்மை பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் வாங்கினேன்.

கொல்லிமலையில் எடப்புளி நாடு எங்களுக்கு. சாமையோ தினையோ விதைக்கும்போது முதல் கைப்பிடியை யார் தூவுவது என்பது அங்கே சாதாரண விஷயமல்ல. அப்பாவின் தங்கையான அத்தைக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள் கைபட்டால் காடு நிறையும் என்று பெயர். விதைப்புக் காலத்தில் விடிந்ததும் அவளை அழைத்துப்போக வாசலில் ஆள் நிற்கும். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, ஊரையே மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரியைப்போல அவள் நடப்பாள். பின்னால் நான் போவேன். அவளுக்குக் கொடுக்கும் வெல்லத்தில் பாதி எனக்கு.

அந்த வருடம் சித்தப்பா ஓர் அலுமினியப் படகோடு ஊர் திரும்பினார். அவர் வேலை பார்த்த அணையில் பழையது என்று கழித்துப்போட்ட சின்னப் படகு. சேந்தமங்கலம்வரை லாரியில் வந்தது. அடிவாரத்திலிருந்து ஆறு பேர் அதைக் கவிழ்த்துத் தலையில் தாங்கி மலையேறினார்கள். பன்னிரண்டு கால்களோடு பளபளவென்று வந்த மிருகத்தைப் பார்த்து ஊர் நாய்கள் பொழுது சாயும்வரை குரைத்தன.

எங்கள் ஏரியில் அதுவரை கரையில் நின்று தூண்டில் போட்டுத்தான் பழக்கம். நடு ஏரியில்தான் பெரிய கெண்டைகள் இருக்கின்றன என்று சித்தப்பா சொன்னார். பத்து நாள் படகோடு கிடந்தார். ஒடுக்குகளை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். தகடுகள் சேரும் தையல் விட்ட இடங்களில் தாரும் துணியும் வைத்து அடைத்தார். பலாப் பலகையில் இரண்டு இருக்கைகள் செய்தார். காலி மண்ணெண்ணெய்த் தகரங்களின் வாயை ஈயம் வைத்து மூடி, படகு கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று இருக்கைகளுக்கு அடியில் கட்டினார். துடுப்பு மாட்ட வளையம், வலையைக் குவித்துவைக்கப் பின்பக்கம் மூங்கில் தட்டு, பிடித்த மீனை உயிரோடு போட ஒரு பானை. மழைத்தண்ணீரை வடியவிடப் பின்பக்கத்தில், அடிமட்டத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு துளை இருந்தது. அதை அடைக்க ஒரு சிவப்பு ரப்பர்.

அந்த ரப்பர் இருக்கையின்மேல் கிடந்தது. அதைவிடப் பெரிய அழிரப்பரை நான் பார்த்ததில்லை. எடுத்துக்கொண்டுபோய் அரிவாளால் எட்டுத் துண்டாக்கி, வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒருநாள் முழுக்க நான்தான் அங்கே ராஜா.

மறுநாள் காலை பூசை. படகைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துப்போனபோதுதான் எனக்குத் துளை கண்ணில் பட்டது. ரப்பர் எதற்கு என்று அப்போது விளங்கியது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர்களுக்குள் ஒரு சிக்கல்.

“ஏனுங்க, லாரின்னா சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெக்கலாம். இதுக்குச் சக்கரத்துக்கு எங்கீங்க போறது?” என்றார் பெரியப்பா.

“தூக்கியாந்த ஆறு பேருத்து காலுக்கடியில வெச்சுப்போடுங்க. அவங்கதான் சக்கரம்” என்றார் ஒருவர்.

நான் முன்னால் போய், “அந்தப் பொத்தல்ல வெக்கலாமுங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு படிக்கிற பையனுக்குத்தான் இதெல்லாம் தோன்றும் என்று மெச்சினார்கள். நல்ல கை வைக்கட்டும் என்று அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் பழத்தை வெளிப்பக்கமிருந்து துளையில் அழுத்தி, மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். உள்பக்கம் ரப்பர் இருப்பதாகச் சித்தப்பா நினைத்திருந்தார். வலை குவிந்துகிடந்ததால் அவர் பார்க்கவில்லை. நான் சொல்லவுமில்லை. பழம் தாங்கிவிடும் என்றே நம்பினேன்.

நடு ஏரிவரை தாங்கியது. பிறகு படகின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. தனியாகப் போன சித்தப்பா பானையால் தண்ணீரை வாரி இறைப்பது கரையிலிருந்து தெரிந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. படகு மூழ்கியபோது தகரம் ஒன்று பிய்ந்து வந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி அவர் மிதந்தார். அப்பா கழுத்தளவு தண்ணீரில் நின்று மாட்டுக் கயிறுகளை முடிந்து முடிந்து வீசினார். ஆறாவதோ ஏழாவதோ வீச்சில் சித்தப்பா கையில் கயிறு சிக்கியது. கரையில் அவர் வாந்தியெடுத்தபோது நான் முழங்காலில் விழுந்து எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். சாமிகளிடம் உண்மையைச் சொன்னேன். மனிதர்களிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் படகைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். துளை காலியாக இருந்தது. ரப்பர் கழன்றுவிட்டது என்றார் சித்தப்பா. ஏன் கழன்றது என்று ஊர் கேட்டது. கடைசியாக அங்கே கை வைத்தது யார் என்றும் கேட்டது.

அடுத்த விதைப்புக்கு அத்தை விடியுமுன் குளித்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வெயில் ஏறியபின் எழுந்துபோய்ச் சாணம் அள்ளினாள். அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். வெல்லம் போனதே என்ற வருத்தமும் எனக்கு இருந்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி வாசலூர்பட்டிப் பக்கம் போனாள். நான் படித்துக் கீழ்நாட்டில் வேலைக்குப் போனேன். சொல்ல நினைத்த ஒவ்வொரு முறையும், பழைய கதை, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் அத்தை மகன், குத்தகைக் குட்டையில் மீன்பிடிக்க ஒரு சின்ன அலுமினியப் படகு வாங்கினான். தூண்டில் செருகக் குழாய், உட்கார ரப்பர் மெத்தை, இருபக்கமும் காற்றடைத்த மிதவை என்று எல்லாம் மாட்டிவிட்டு என்னைப் பூசைக்குக் கூப்பிட்டான். போனால், அத்தை வீட்டுக்குள் கதவோரம் நின்றாள்.

“நீங்கல்லாம் போங்க சாமி. நான் வந்தா ஆகாது.”

“அம்மா எப்பவும் இப்படித்தானுங்க மச்சான். உடுங்க” என்றான் அவள் மகன்.

நான் விடவில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, அவர்கள் முன்னால் முழுவதையும் சொன்னேன். என் குரல் எனக்கே வகுப்பெடுப்பதுபோலக் கேட்டது. அத்தை கதவை விட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“அந்த ரப்பர் அழிச்சுதா கண்ணு?”

“இல்லீங்க அத்தை. தாள்தான் கிழிஞ்சுது.”

பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“நாந்தான்னு இருந்தேன்” என்றாள். “ஊரு சொன்னதுக்கில்ல. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. எங்கண்ணன் தண்ணிக்குள்ள கெடந்து தவிச்சதப் பார்த்தேனே.”

ஊர் அவளைத் தள்ளிவைத்தது என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவளும் அதை நம்பியிருப்பாள் என்று அந்தச் சிறுவனுக்குத் தெரியவில்லை. வாத்தியாருக்கும் தெரியவில்லை. மகளுக்குத் தாலி கட்டும்போதுகூட அவள் அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள். அதற்கு நான் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

“இன்னொருக்கா சொல்லு கண்ணு. மொதல்ல இருந்து.”

சொன்னேன். அதற்குள் வெளியே படகு அவள் இல்லாமலே தண்ணீரில் இறங்கிவிட்டது. மீண்டும் சொல்லச் சொன்னாள். மூன்றாவது முறை பாதியில் என்னை நிறுத்திவிட்டு, பேரன் மனைவியைக் கூப்பிட்டாள். குழந்தை பிறந்து நாற்பது நாள். அத்தை அதைத் தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறாள்.

“இங்க கொண்டா கண்ணு, ஒருக்கா வாங்கிப் பாக்கறேன்” என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.