அம்புக்குறிக்கு எதிர்த்திசையில்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருடம் சரியாக நினைவில்லை. சிங்கப்பூரில் புறப்பட்டு, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் ஓர் உல்லாசக் கப்பலில், இரண்டாம் நாள் விடியற்காலையில் நடந்தது இது. ஆரணியில் நெசவாளர்களுக்குச் சரிகையும் பட்டுநூலும் விற்கிற கடை எங்களுடையது. என் கணவருக்கு ஒரு கடை, அவருடைய அண்ணனுக்கு ஒரு கடை. அந்த வருடம் நன்றாக விற்றுக் கொடுத்த ஏஜென்டுகளை வடக்கத்திச் சரிகைக் கம்பெனி ஒன்று மனைவியோடு கப்பலுக்கு அழைத்துப் போனது. அண்ணன், தம்பி இருவருக்கும் டிக்கெட் வந்தது. அதாவது எனக்கும் வந்தது, என் ஓரகத்திக்கும் வந்தது. நாங்கள் இருவரும் பேச்சை விட்டு அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

கப்பலில் மற்றவர்களுக்குப் பிடித்தது சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, நீச்சல் குளம். எனக்குப் பிடித்தது மேல்தளத்தில் இருந்த ஒரு பாதை. பெரிய புகைபோக்கியைச் சுற்றிப் பச்சை வண்ணம் அடித்து, நடுவே வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பாதி நடப்பவர்களுக்கு, மறுபாதி ஓடுபவர்களுக்கு. எங்கேயும் போய்ச் சேராத பாதை. கிளம்பின இடத்துக்கே வந்து, மறுபடி கிளம்பும். அதை முதலில் பார்த்தபோது, குனிந்து அந்தப் பச்சை வண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். நடப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்கு வண்ணமும் அடித்து வைக்கிற உலகம் ஒன்று இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, பிறவியிலேயே அப்படி. எங்கள் தெருவிலோ ஒரு பெண் சும்மா நடக்க முடியாது. காலையில் தெருவின் நீளத்துக்குத் தறிக்கான பாவு நூல் விரித்திருப்பார்கள். அதை ஒட்டி ஒதுங்கிப் போகும்போதே அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்பார். பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும். அதனால் காலி வயர் கூடை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். கூடை இருந்தால் கேள்வி பாதியாகக் குறையும். கொத்தமல்லி வாங்கப் போனவள் கோட்டை மைதானம் வரை போய்விட்டு வருவேன். கொத்தமல்லியை மறந்திருப்பேன்.

பௌர்ணமிக்கு மட்டும் கூடை வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த எனக்கு, கிரிவலம் என்கிற சுதந்திரத்தைக் காட்டிக் கொடுத்தவரே என் ஓரகத்திதான். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போளூர் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸில் இடம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். முந்தானையை ஜன்னல் வழியாக வீசி இரண்டு சீட்டை மடக்கிவிடுவார். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு மலையை வலமாகச் சுற்றத் தொடங்கினால், மாமியாரைப் பற்றிய பேச்சு முடிவதற்குள் பாதி மலை தாண்டிவிடும். மீதிப் பாதி அவரவர் வீட்டுக்காரரைப் பற்றி. திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் தூங்கி வழிவேன். விபூதியும் வியர்வையும் கலந்த அந்தத் தோளின் வாசனை, இதை எழுதும்போதும் வருகிறது. இருபது, முப்பது வயதுகளில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவர்.

பிறகு வீடு பிரிந்தது. நடுவில் சுவர் வந்தது. தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம், மாடிப்படி அவர்கள் பக்கம். ஒரு சித்திரையில் அவர்கள் பக்கமாக ஏறி மாடியில் துணி விரித்து வடாம் பிழிந்து காயப் போட்டிருந்தேன். நான் கடையில் இருந்த நேரத்தில் அக்காவும் மூத்தாரும், அதாவது என் கணவரின் அண்ணனும், மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தவாசியில் அக்காவின் அம்மா வீட்டுக்கென்று கிளம்பிப் போய்விட்டார்கள். மத்தியானம் பிடித்தது கோடை மழை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தலைக்கு மேல் என் வடாமெல்லாம் மறுபடி கூழாவதை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அக்காவிடம் வாசலில் நின்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய திமிராகத் தெரிந்தது. வடாமுக்காகவா நான்கு வருடம் என்று கேட்பீர்கள். வீடு பிரிந்த வலியையும் அந்தத் துணியிலேயே அல்லவா காயப் போட்டிருந்தேன்.

இடையில் மூத்தாருக்கு மாரடைப்பு வந்து வேலூரில் ஆபரேஷன் நடந்தது. என் கணவர் கையில் கஞ்சி கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பிடி சர்க்கரை. வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாதில்லையா. பேச்சுதான் இல்லையே தவிர முறைக்கு ஒரு குறையும் இல்லை.

கப்பலிலும் அப்படியேதான். ஒரே மேஜையில் உட்கார்ந்து, அண்ணனும் தம்பியும் பேச, நாங்கள் இருவரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

அந்த விடியற்காலை மேல்தளத்துக்குப் போனேன். ஊர்க் கணக்கில் வாசல் தெளிக்கக்கூட நேரமாகவில்லை. தரையில் அம்புக்குறி வரைந்திருந்தது. எல்லோரும் அதன்படி, புகைபோக்கி இடக்கைப் பக்கம் இருக்கும்படி, சுற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். உப்புக் காற்று புடவையைப் பாய்மரமாக்கியது. யாரும் என்னை எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத காற்றில் நான் நடக்கவில்லை, கிட்டத்தட்ட மிதந்தேன்.

அப்போதுதான் எதிரே அக்கா வந்தார்.

ஆரணியில் ஒருவரைத் தவிர்க்க எத்தனையோ சந்துகள் இருக்கின்றன. வட்டத்தில் சந்து கிடையாது. எதிரெதிராக நடக்கிற இரண்டு பேர் சுற்றுக்கு இரண்டு முறை பார்த்தே ஆகவேண்டும். முதல் முறை நான் கடலைப் பார்த்தேன். அடுத்த முறை கம்பியில் தொங்கிய மிதவையைப் பார்த்தேன். அதற்கடுத்து செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்தேன். அக்கா எதையும் பார்க்கவில்லை. நேராக, வேகமாக, உதடு முணுமுணுக்க வந்துகொண்டிருந்தார். அரைக்கால் சட்டை போட்ட ஒரு நெட்டை வெள்ளைக்காரர் கடைசி நொடியில் விலகி ஓடினார். கைகோத்து வந்த ஒரு சீன முதிய தம்பதி கையை விட்டுப் பிரிந்து அவருக்கு வழி கொடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கோபம். இங்கே வந்துமா இந்த அம்மாளுக்கு எல்லோருக்கும் எதிராக நடக்கவேண்டும்?

குனிந்தபோதுதான் அவர் கால்களைக் கவனித்தேன். வெறும் கால். செருப்பு கையில் ஒரு துணிப்பையில் தொங்கியது. நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். கடலுக்குக் கொஞ்சம் மேலே, முழு வட்டமாக, இறங்கத் தயாராக நிலா.

அன்று பௌர்ணமி.

எனக்குப் புரிந்துவிட்டது. மூத்தாரின் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பௌர்ணமி விடாமல் அக்கா தனியாகத் திருவண்ணாமலைக்குப் போய் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இந்த மாதம் மலைக்குப் பதில் கடல் வந்துவிட்டது. அதனால் புகைபோக்கியை மலையாக்கிக்கொண்டு சுற்றுகிறார். மலையை வலமாகத்தான் சுற்ற முடியும். இடமாகச் சுற்றுவது எங்கள் பக்கத்தில் சாவுக் காரியத்துக்கு மட்டும்தான். கணவரின் நெஞ்சு நல்லபடி இருக்க வேண்டும் என்று நடக்கிறவர் எப்படி அந்த அம்புக்குறியின்படி போவார்?

அடுத்த சுற்றில் அவரைக் காணவில்லை. திருப்பத்தில் பார்த்தால், தளம் கழுவிக்கொண்டிருந்த நடுவயது ஊழியர் ஒருவர் அவரை நிறுத்தி வைத்திருந்தார். மரியாதையாகத்தான். ஈரத் தரையைக் காட்டினார், வெறும் காலைக் காட்டினார், அம்புக்குறியைக் காட்டினார். ஓரமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அக்கா தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். ஊழியர் சிரித்த முகமாகவே வழியை மறித்து நின்றார். அக்காவின் கண் நிலாவின் மேலேயே இருந்தது. அது இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கடந்து போயிருக்கலாம். நான்கு வருடமாகக் கடந்துதானே போய்க்கொண்டிருந்தேன். கால் ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை அக்கா எப்படிக் கண்டாரோ, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அந்த ஆளுகிட்ட சொல்லு. இந்தப் பக்கமாதான் சுத்துவேன்னு சொல்லு. அந்தப் பக்கம் என்னால ஆவாது. மாசம் தவறாம சுத்துறேன்னு வேண்டிகினு இருக்கேன். இந்த மாசம் விட்டுட்டு, நாளைக்கு அவருக்கு எதுனா..."

செருப்புப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. ஹஸ்பெண்ட், ஹார்ட் ஆபரேஷன், ஃபுல் மூன், ப்ராமிஸ் என்று வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நடுவில் சேர்த்துக் கட்ட எனக்கு நூல் இல்லை. புகைபோக்கியைக் காட்டி, மவுண்டன் என்றேன். ஊழியர் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு நிலாவை. பிறகு அக்காவின் கால்களை. சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. தன் நாட்டில் புனித வெள்ளியன்று தன் அம்மாவும் செருப்பில்லாமல்தான் ஊர்வலம் போவார் என்று, எனக்குப் புரியும் வேகத்தில், மெதுவாகச் சொன்னார். உலர்ந்த துடைப்பானை எடுத்து வந்து, உள்ளோரமாக ஈரம் நின்ற இடத்தையெல்லாம் துடைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஓடி வருகிறவர்கள் மோதாமல் இருக்க, அந்த அம்மாவுக்கு முன்னால் யாராவது ஒருவர் போகவேண்டும்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அங்கே வேறு யார் இருந்தார்கள்?

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திரும்பி நின்றேன். ஒரு கையை முன்னால் நீட்டி, சாரி, சாரி என்று வருகிறவர்களை விலக்கிக்கொண்டு, அம்புக்குறிக்கு எதிராக நடக்கத் தொடங்கினேன். சாமி புறப்பாட்டில் வழி விலக்குகிறவரைப் போல. நெட்டை வெள்ளைக்காரர் இந்த முறை இரண்டு பேருக்காக விலகினார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ இன்னாத்துக்குச் செருப்பக் கழட்டின?"

"சும்மாதாங்க்கா."

அக்கா என்ற சொல் நான்கு வருடம் கழித்து வாயிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. ஒரு சுற்று முடிந்தது. முன்னும் பின்னுமாக நடப்பதில் ஒரு வசதி உண்டு. முகம் பார்க்க வேண்டியதில்லை. பிறகு அவரே தொடங்கினார்.

"அன்னிக்கு நாங்க வந்தவாசிக்குப் போவல. வேலூருக்குப் போனோம். உங்க மூத்தாருக்கு நெஞ்ச அடைச்சுகினு வந்துடுச்சு. தம்பிகிட்ட வாயத் தொறக்காத, பயந்துடுவான்னாரு. அவருதான் மாடிக் கதவப் பூட்டினது. வடாம் இருக்குன்னு அவருக்கு இன்னா தெரியும்?"

நான் நின்றுவிட்டேன்.

"நட, நட. நின்னுகினே இருந்தா நிலா எறங்கிடும்."

நடந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

"எப்படிச் சொல்றது? அவரு உள்ள படுத்துகினு இருக்காரு, நீ வாசல்ல நின்னுகினு தெருவே கேக்குறாப்புல கத்துற. வடாம் போனா போவுது, மறுபடி பிழிஞ்சுக்கலாம்னு நெனச்சேன். உன் வாய் அவ்ளோ நீளம்னு எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் நடை கோணும். எதிரே வந்த சீனப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். நானோ அந்த வேலூர் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பேசிக்கொள்ளாத நான்கு வருடத்தில் அவர் அந்தப் பயத்தை யாரிடம் சொல்லியிருப்பார்?

நிலா தண்ணீரைத் தொட்டு, கரைந்து, இல்லாமல் போகும் வரை சுற்றினோம். அக்கா புகைபோக்கியைப் பார்த்துக் கை கூப்பினார். அது தன் பங்குக்குக் கொஞ்சம் புகை விட்டது. துடைப்பான்காரர் தூரத்திலிருந்து தலையை அசைத்தார். கீழே இறங்கும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். மூத்தாரிடம் சொல்லிவிடாதே, தனக்காக ஒருத்தி நடக்கிறாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் பயத்திலேயே படுத்துவிடுவார்.

காலைச் சாப்பாட்டில், ரொட்டியும் வெண்ணெயும் மூன்றாவது வேளையாக வந்ததில் மூத்தார் பேஜாராகி உட்கார்ந்திருந்தார். அக்கா பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, முதலில் என் பக்கம் தள்ளினார். அண்ணனும் தம்பியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாடா, இவங்க ரெண்டு பேருக்கும் கப்பல் ஒத்துக்கல போல" என்றார் மூத்தார் தம்பியிடம்.

அதற்குப் பிறகு அவர் பல வருடம் நன்றாக இருந்தார். அக்காவின் நடையா, டாக்டர் கொடுத்த மாத்திரையா என்று நான் ஆராய்வதில்லை. அவர் காலமாகி ஒரு வருடம் முடிந்து வந்த முதல் பௌர்ணமியன்று மத்தியானம் அக்கா என் வாசலில் வந்து நின்றார். வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே என்று நான் இழுத்தேன். "அது அவருக்கு. இது நம்ம நட. ஜல்தி கெளம்பு, போளூர் பஸ் போயிடும்" என்றார்.

இப்போது எங்கள் ஊரிலும் காலையில் ஷூ போட்டுக்கொண்டு பெண்கள் நடக்கிறார்கள், யாரும் எங்கே என்று கேட்பதில்லை. சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் போகும்போது ஒருவர் மட்டும் எதிரே வருவதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கப்பல் தளத்தின் உப்புக் காற்று முகத்தில் வந்து அடிக்கும். இவருக்கு அம்புக்குறி தெரியவில்லையா என்ற எரிச்சல் இப்போதெல்லாம் வருவதில்லை. யாருக்காக நடக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விடுகிறேன், முடிந்தபோது இரண்டடி முன்னால் போய்க் கையை நீட்டிக்கொள்கிறேன்.