ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த சர்வர்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறையெல்லாம் முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான், ஒரு மேசை, மூலையில் ஒரு சர்வர், அவ்வளவுதான். ஆனால் கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து படித்த அத்தனை மாணவிகளின் விவரமும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. மதிப்பெண், வருகைப் பதிவு, யார் எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார் என்பது வரை.

அந்த சர்வர் நான்கைந்து வருடங்களாக நிற்காமல் ஓடியது. அந்த வருடம் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட், பூஜையன்று எல்லா மெஷினும் ஓய்வில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் பேக்கப் எடுத்துவிட்டு, என் கையாலேயே சர்வரை நிறுத்தினேன். ஒரு டிஸ்க்கை ஆபீஸ் பீரோவில் வைத்தேன். இன்னொன்றை லைப்ரரி பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். மறுநாள் சர்வரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சாத்தினோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரிகடலை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, உள்ளே மட்டும் கட் கட்டென்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. வருடக்கணக்கில் ஓடிய பழைய டிஸ்க்கை நிறுத்தினால் சில சமயம் திரும்ப எழுந்திருக்காது. இது படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டும் அதே சத்தம்தான் வந்தது. சூப்பிரண்டெண்ட் எட்டிப் பார்த்து, "கும்புட்டு வச்ச மெஷினும்மா, அதுக்கு என்ன ஆகப் போவுது?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் சேர்த்து ஆஃப் செய்திருப்பேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு ஐயா வந்தார். ஆவூர்ப் பக்கம் விவசாயம் செய்பவர். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அவர் மகள் எங்கள் பழைய மாணவி, சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலுக்கு, அவர் நான்கு வருடமும் எந்தெந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார் என்ற சான்றிதழைக் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். கடைசி நாள் அன்றுதான். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். மூடிவிட்டால் விண்ணப்பம் ரத்து, வேலையும் போய்விடும்.

"பிள்ளைக்கி லீவு குடுக்கலைங்க. மெயிலு போட்டுப் பதினஞ்சு நாளாச்சாம், பதிலே வரலைன்னு ராத்திரியெல்லாம் அழுவுது. அதான் நானே கெளம்பி வந்துட்டேன். இன்னைக்கிப் போயிருமுங்களா?" என்று கேட்டார்.

நான் சூப்பிரண்டெண்ட்டைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். அந்த மெயில் ஆபீஸுக்கு வந்திருந்தது. பூஜை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய டியூட்டி சார்ட்டுகள் காகிதமாக ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றைப் பிரித்து ஒரு பெண்ணின் நான்கு வருட மணி நேரத்தைக் கூட்டி எடுக்கப் பத்து நாளாவது ஆகும். எங்களுக்கு இருந்தது ஏழு மணி நேரம்.

"ஐயா, உக்காருங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருவோம்" என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு வெட்கக்கேடான கதை இருக்கிறது.

அதற்கு முந்தைய வருடம், ஒருநாள் கல்லூரி வேனில் நாங்கள் ஊழியர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தபோது வழியில் டயர் பஞ்சரானது. டிரைவர் ஸ்டெப்னியை இறக்கினால் அதில் துளி காற்று இல்லை. உச்சி வெயில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஸ்டெப்னின்னு ஒண்ணச் சும்மா மாட்டி வச்சுக்கிட்டா ஆச்சா? காத்து இருக்கா இல்லையான்னு ஒருநாளாவது பாத்தீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். டயரை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்கு நடந்தார்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே என்னவோ உறுத்தியது. நான் தினமும் சாயங்காலம் பேக்கப் எடுக்கிறேன், வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வருகிறது, நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன். அதைத் திரும்ப எடுத்தால் வருமா என்று நான் ஒருநாளாவது பார்த்தேனா? மறுநாள் லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, பேக்கப்பை அதில் ஏற்றிப் பார்த்தேன். மாணவிகள் பெயரெல்லாம் வந்தது. ஆனால் எல்லாமே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு நின்றுபோயிருந்தது. இடையில் மென்பொருளைப் புதுப்பித்தபோது விவரங்கள் வேறு இடத்துக்கு மாறியிருக்கின்றன. என் பேக்கப் மட்டும் விசுவாசமாக, யாரும் தொடாத பழைய இடத்தையே இரண்டு வருடமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பே கூசிப்போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அன்றே சரிசெய்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பேக்கப்பை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்ப்பது வழக்கமானது. மேடம் சனிக்கிழமை விரதம் இருக்கிறார் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள்.

அந்த தைரியத்தில்தான் ஆபீஸ் பீரோவைத் திறந்தேன். டிஸ்க் இருந்தது. அதன் மேலும் சந்தனம் இருந்தது! அதுவும் மெஷின்தானே என்று யாரோ பக்தியாக எடுத்துப் பூஜையில் வைத்து, வயர் சொருகுகிற துளையிலேயே கட்டியாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். காய்ந்து கல்லாகியிருந்தது. ஊக்கால் கிளறினேன், உள்ளேயிருந்த தகடு வளைந்து, இருந்த வழியும் போனது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

இனி இருப்பது லைப்ரரி பீரோவில் இருக்கும் டிஸ்க்தான். போனால் பீரோ பூட்டியிருக்கிறது. லைப்ரரியன் விடுப்பை நீட்டித்துக்கொண்டு திருவரங்குளத்தில் தன் வீட்டில் இருக்கிறார், சாவியும் அவரிடம். போன் செய்தேன். சாவியைத் தருகிறேன், யாராவது வாருங்கள் என்றார். வாசலில் வேன் நின்றது. அந்த டிரைவரேதான். விஷயத்தைச் சொன்னேன். மணி பத்தரை. "அங்கிட்டுப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வாரேன் மேடம்" என்று சொல்லி, குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பதினொன்றரைக்குச் சாவி என் கையில் இருந்தது. டிஸ்க்கை எடுத்து, பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, ரீஸ்டோர் கொடுத்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போகத் தொடங்கியது. அது பழைய மெஷின், இரண்டரை மணி நேரமாவது எடுக்கும். பெஞ்சில் அந்த ஐயா சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். சூப்பிரண்டெண்ட் நெற்றியில் இன்னொரு தடவை விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் டிரைவரிடம் பேசினேன். அன்றைக்கு ரோட்டில் உங்களை அப்படிப் பேசியது தப்பு, அதே தப்பை நான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன் என்று முழுக் கதையையும் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க கத்துன கத்துல நான் இப்ப தெனமும் காலையில காத்துப் பாக்குறேன் மேடம்" என்றார். எனக்குப் பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

இரண்டேகால் மணிக்குப் பச்சைக் கோடு முடிந்தது. திறந்தேன். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் கடைசியாக நான் பதிந்தது, முதல் வருட மாணவி ஒருத்தியின் மாறிய போன் நம்பர். அதைத் தேடினேன். இருந்தது! "வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது. ஐயாவின் மகள் பெயரைப் போட்டேன். நான்கு வருடம், ஒவ்வொரு வார்டும், ஒவ்வொரு மணி நேரமும் வரிசையாக வந்து நின்றது.

அதற்கப்புறம் எல்லோருக்கும் கால் தரையில் படவில்லை. சூப்பிரண்டெண்ட்டே பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு ஓடினார். கையெழுத்து, சீல், ஸ்கேன். அந்தக் கவுன்சில் இணையதளம் இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. நாலு இருபதுக்குக் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. ஐயா மகளுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். அனுப்பிவிட்டோம் என்றேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. நானும் அழுதுவிட்டேன், அதை மறைக்கவும் தோன்றவில்லை. சூப்பிரண்டெண்ட் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிவரச் சொன்னார். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. ஊர் உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்த ஐயா டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசல் வரை போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, எங்க பிள்ளையோடது மட்டுந்தேன் வந்துச்சா, இல்ல எல்லாப் பிள்ளையளோடதும் வந்துருச்சா?" என்று கேட்டார்.

"எல்லாப் பிள்ளைகளோடதும் வந்துருச்சுய்யா" என்றேன்.

"அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நடந்தார்.

அதுவரை நான் காப்பாற்றியது ஒரு கம்ப்யூட்டரை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மகள் இப்போது அந்த நாட்டில் வேலை பார்க்கிறார். நான் இன்றும் முதல் சனிக்கிழமை தோறும் பேக்கப்பை ஏற்றிப் பார்க்கிறேன். வரிசையாக வந்து நிற்கும் பெயர்களைப் பார்க்கும்போது, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு தகப்பன் பஸ் ஏறி வருவார் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.