மூக்கன் சாப்பிடாத நாட்கள்

என் மாமா மீன் வாங்கப் போனது காம்பாருக்கு. ஈப்போவில் மீன் கடையே இல்லையா என்று அம்மா கேட்டதற்கு, இருக்கிறது, ஆனால் வளர்ப்பதற்குக் கடல் மீன் வேண்டுமென்றால் காம்பார்தான் என்று சொன்னார். எனக்கு அது போதுமான பதிலாகவே பட்டது. அம்மாவுக்குப் படவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. இருவரும் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தோட்டமும் கைமாறி, செம்பனை வைப்பதற்காக மரங்களை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மா கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தபோது, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தம்பியையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். நான் பிறந்தபோது மாமா வளர்ந்த ஆளாகி, ஏர்கான் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நால்வர். அப்பா எதையும் கேட்காத மனிதர். கேட்க வேண்டியதையெல்லாம் அம்மாவே கேட்டுவிடுவார்.

அந்த ஆண்டின் பள்ளி விடுமுறையில் மாமா கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார். நீல விளக்கு, ஓயாமல் முனகும் பம்ப், ஓட்டை ஓட்டையாகக் கடல் பாறைகள். முதலில் இரண்டு குட்டி ஆரஞ்சு மீன்கள் வந்தன. அவை எதைப் போட்டாலும் தின்றன. அந்தச் சமர்த்து மாமாவுக்குப் பிடிக்கவில்லை போலும். கொஞ்ச நாளில், என்னையும் காடியின் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் காம்பாருக்குக் கிளம்பினார்.

அது பாதி மளிகை, பாதி மீன் கடை. முன்பக்கம் மசாலாத் தூளும் அரிசியும் விற்றுக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். அந்த வாசனையைத் தாண்டிப் பின்னால் போனால், வரிசையாகத் தொட்டிகள் வைத்த இருட்டு அறை. அதைக் கவனித்துக்கொண்டவர் பாயின் மகள். தலையை மூடி இளநீலத் தூடோங் அணிந்து, முழங்கை வரை நனைந்த கைகளோடு எப்போதும் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். நான் அவரை மீன் அக்கா என்றேன்.

மாமா கைகாட்டிய மீன் தட்டையாக, வெள்ளை உடம்பில் மஞ்சள் பட்டைகளோடு இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளமான குழாய். பார்த்ததுமே நான் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"இது வேணாம் அண்ணே," என்றார் மீன் அக்கா. "ரொம்ப ரோசக்கார மீனு. இடம் மாறினா சாப்பிடாது. பழகினவங்களே திணறுவாங்க லா. வேற எடுத்துக்குங்க."

"பரவால்ல. சந்தேகம் வந்தா உங்ககிட்டயே வந்து கேட்டுக்கிறேன்."

"நீங்க கேக்கலாம் அண்ணே. மீனு பாவம்ல?"

மாமா பிடிவாதமாக அதையே வாங்கினார். காற்றடைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ வரை நான் அசையாமல் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம், ஈயம் எடுத்துக் கைவிட்ட பழைய லம்பக் குட்டைகள் வெயிலில் மின்னின.

மீன் அக்கா சொன்னதுதான் நடந்தது. மூக்கன் சாப்பிடவில்லை. தூவிய தீனி அதன் கண்ணெதிரே மிதந்து போகும், ஆரஞ்சு மீன்கள் பாய்ந்து வந்து தின்னும், மூக்கனோ அது வேறு யார் வீட்டு விருந்தோ என்பதுபோல் பாறைப் பக்கம் திரும்பிவிடும். மறுநாளும் அப்படித்தான். எனக்கு அழுகை வந்தது. மாமாவும் கவலைப்பட்டார். கவலைப்பட்டுக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டார்.

"போன்ல கேட்டா என்னடா?" என்றார் அம்மா.

"போன்ல எப்படிக்கா காட்டுறது?"

"காட்டுறதுக்கு மீனயா தூக்கிட்டுப் போற?"

மாமா தலை வாரினார். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மா எனக்கும் நல்ல கவுன்தான் போட்டுவிடுவார். அதனால் எனக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை.

மீன் அக்கா உண்மையிலேயே டாக்டர் மாதிரிதான் விசாரித்தார்.

"மூச்சு எப்படி வாங்குது? செவுளு வேகமா அடிக்குதா?"

"அடிக்குதுன்னு நெனைக்கிறேன்," என்றார் மாமா.

"இல்ல, மெதுவாத்தான் அடிக்குது," என்றேன் நான்.

"வாயில காயம் கீயம்?"

மாமா யோசித்தார். "இல்ல," என்றேன்.

"கழிவு எப்படிப் போவுது? வெள்ளையா நூல் மாதிரி போனா வயித்துல பூச்சி இருக்குன்னு அர்த்தம்."

"சாப்பிட்டாத்தானேக்கா போவும்?"

மீன் அக்கா கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டுல மீன் வளர்க்கிறது யாரு? நீங்களா, பாப்பாவா?" என்று மாமாவைக் கேட்டார். அன்று கடைக்குள் வந்ததிலிருந்து மாமா ஒரு தொட்டியைக்கூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில், மீன் பயந்து போயிருக்கிறது, விளக்கை அணைத்துத் துணி போட்டு மூடுங்கள் என்றார். மூடினோம். சாப்பிடவில்லை. திரும்பப் போனோம். ஆரஞ்சு மீன்கள் அதை விரட்டுகின்றனவோ என்று சந்தேகப்பட்டு, நடுவில் வைக்க ஒரு தடுப்பு வலை கொடுத்தார். வைத்தோம். இல்லை. மறுபடியும் போனோம். பூண்டுச் சாற்றில் இறாலை ஊறவைத்துப் போட்டால் வாசனைக்கு வரும் என்றார். மாமா கூடத்திலேயே உட்கார்ந்து பூண்டு நசுக்க, வீடே மணந்தது. "மீனத் தாளிச்சு வளர்க்கிறவன இப்பத்தான் பாக்குறேன்," என்று அம்மா சொன்னார். அதற்கும் மூக்கன் மசியவில்லை.

இப்படிப் போய்வரும் நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். மீன் அக்கா மாமாவை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். அதற்குப் பதிலாக வேறு எதுவும் சொல்லவும் இல்லை. 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்று மொட்டையாகவே பேசினார். மரியாதை குறைந்தால் என் அம்மா எனக்குச் சோறு போடும்போதுகூடத் திட்டுவார். ஆகவே திரும்பும் வழியில் இதை மாமாவிடம் ஒரு புகாராகவே சொன்னேன். மாமா காடியைச் சாலையோரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கோப்பெங்கில் இறங்கி எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இன்னொரு நாள் மீன் அக்கா பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டே, "கடல் மீனா விக்கிறேன். கடலப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கடைய விட்டு நகர முடியல," என்றார்.

"லுமுட் பக்கந்தானே. ஒரு நாள் போலாம்," என்றார் மாமா.

மீன் அக்கா பம்பின் மூடியைத் திருகினார். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

"நானும் வாரேன்," என்றேன் நான். அப்போது முன்பக்கத்திலிருந்து பாய் தன் மகளைக் கூப்பிட்டார். நாங்கள் கிளம்பும்போது அவரே என் கையில் ஒரு கடலை மிட்டாய் வைத்து, "மீனு தேறிச்சா பாப்பா?" என்று அன்பாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

வீட்டில் ஒரு நாள் அம்மாவும் மாமாவும் சமையலறையில் பேசியது என் காதில் விழுந்தது.

"நீ சின்னப் புள்ள இல்ல. அது சரியா வரணும்னா நீ என்னவா மாறணும்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. முதல்ல மீன் சாப்பிடட்டும்."

"உன்னக் கையில புடிச்சுக் கூட்டியாந்தப்ப உனக்கு..." என்று அம்மா தொடங்கினார். முடிக்கவில்லை. குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினார்.

மாமா மீன் கடைக்காரராக மாற வேண்டும் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பெண்ணோடு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் மாமா தன் சமயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், பெயரும் மாறும், அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாமி மேடை முன்னால் அவரால் நிற்க முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வருவதற்குப் பல வருஷம் ஆயிற்று.

கடைசியில் மூக்கனைச் சாப்பிட வைத்தது கெராங். சேற்றில் விளையும் அந்தச் சிப்பியை அம்மா சம்பலுக்காகக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்று லேசாக வாய் திறந்திருந்தது. மூக்கன் நாள் முழுக்கப் பாறை இடுக்குகளில் மூக்கை விட்டு விட்டு எதையோ தேடுவதை நான் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். இதுவும் இடுக்குத்தானே என்று தோன்றியது. அம்மாவிடம் ஒன்று கேட்டேன். அம்மா கத்தியால் அதை நெம்பித் திறந்து, சதையோடு ஒரு பாதியைக் கொடுத்தார். தொட்டியில் போட்டேன்.

மூக்கன் வந்தது. பார்த்தது. விலகிப் போனது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்து, தலையைச் சாய்த்து, அந்த நீள மூக்கை ஓட்டுக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தது. சிவப்பாக ஒரு துணுக்கு உள்ளே போயிற்று.

"சாப்பிடுதுடி!" என்று முதலில் கத்தியது அம்மாதான். ஈரக் கையோடு என் பின்னால் வந்து நின்றிருந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு ஏனோ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார்.

மாமா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "சாப்பிட்டுடுச்சா?" என்று கேட்டவர், சாமான் பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூக்கன் அவருக்காக இன்னொரு தடவை தின்று காட்டியது.

"மீன் அக்காகிட்ட சொல்லணும் மாமா."

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"போயிட்டு வா," என்றார் அம்மா. "சொல்லாம இருந்தா நல்லா இருக்காது."

பின்னாளில் நான் படிக்கப் போனதும் காம்பாருக்குத்தான். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது காசு போட்டுத் துணி துவைக்கும் இயந்திரங்கள் சுற்றுகின்றன. மாமாவுக்குக் கல்யாணமாகி, சித்தியவானில் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். லுமுட்டுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரந்தான். மீன் அக்கா எங்கே இருக்கிறார் என்று நான் மாமாவிடம் கேட்டதில்லை. கேட்க வாயெடுத்து, அத்தை தேநீரோடு வந்துவிட, வேறு பேச்சுக்குப் போயிருக்கிறேன்.

அன்று நாங்கள் போய் மூக்கன் சாப்பிட்ட செய்தியைச் சொன்னதும் மீன் அக்கா குதிக்காத குறை. எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்படிக் கொத்தியது, துப்பியதா விழுங்கியதா என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டார். நான் நடித்தே காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, அவருக்குக் கேட்க எதுவும் இல்லாமல் போயிற்று.

"தொட்டித் தண்ணி மாத்தணும்," என்றார் மாமா. "கடல் உப்பு சின்னப் பாக்கெட் ஒண்ணு குடுங்க. அது முடிஞ்சதும் மறுபடி வந்து வாங்கிக்கிறேன்."

சின்னப் பாக்கெட்டுகள் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் அடுக்கியிருந்தன. மீன் அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், ஒரு பெரிய உப்பு வாளியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"இத எடுத்துக்குங்க."

"நான் சின்னதுதானே கேட்டேன்?"

"தெரியும். இது ரொம்ப நாளைக்கு வரும்." அவர் வாளியின் மூடியைப் பார்த்தபடியே பேசினார். "இவ்வளவு தூரம் அடிக்கடி அலைய வேணாம்லா. வீட்டுல உங்கக்கா கவலைப்படுவாங்க."

"அலைச்சல்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. நான்தான் சொல்றேன்."

மாமா நின்றார். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை, எனக்குக் கால் வலித்தது. பிறகு குனிந்து வாளியைத் தூக்கினார். மீன் அக்கா ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டு, "கெராங்க நல்லா கழுவிப் போடு பாப்பா," என்றார். நாங்கள் மசாலா வாசனையைத் தாண்டி வெளியே வந்தோம். பாய்க்கு மாமா சலாம் சொன்னார்.

காடியில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மீன் அக்கா ரொம்ப நல்லவங்கல்ல மாமா? சின்னது கேட்டதுக்குப் பெருசையே குடுத்துட்டாங்க."

"ஆமா பாப்பா," என்றார் மாமா. "ரொம்ப நல்லவங்க."

வீட்டு வாசலில் காடி நின்றதும் நான் முதலில் இறங்கி ஓடினேன். இனி ரொம்ப நாளைக்கு நமக்கு உப்புக் கவலையே இல்லை, காம்பாருக்கே போக வேண்டியதில்லை என்று கத்திச் சொன்னேன். அம்மா வெளியே வந்தார். வாளியைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய், வாளியின் பிடியில் மாமாவின் கையோடு சேர்த்துத் தன் கையையும் வைத்துக்கொண்டார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் படியேறினார்கள்.

ஏர்கான் பெட்டியையே தனியாளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிற மாமாவுக்கு, ஒரு வாளி உப்பைத் தூக்க அம்மா எதற்கு என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.